முன்னால் போகிறவர் தண்ணீர் குடிக்கக் கூடாது

பஸ்ஸில் போனால் ஐந்து மணி நேரம். சைக்கிளில் இரண்டு நாள். என் தம்பி இறந்த தேதிக்கு ஒவ்வொரு வருடமும் அவன் வீட்டுக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். அவன் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதற்குத் தைரியம் சேர்க்க இரண்டு நாளாவது வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இரண்டு வருடம் போயாயிற்று. இரண்டு தடவையும் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் மகள் பாப்பாவின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுவிட்டு, சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பல் செட் செய்வது என் தொழில். பல் டாக்டரின் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இன்னொரு அறையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் அளவாகப் பல் செய்து கொடுக்கிறேன். என் வாயைத் திறக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

மூன்றாவது வருடம், இரண்டாம் நாள் காலையில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மார்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரியான காற்று. எவ்வளவு மிதித்தாலும் கிலோமீட்டர் கல் நகர மறுத்தது. அப்போது பின்னால் மணிச் சத்தம் கேட்டது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சைக்கிளின் இரண்டு பக்கமும் பை கட்டி, மூக்கு நுனி வெயிலில் உரிந்துபோய், என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினாள்.

"எவ்வளவு தூரம் சார்?"

"இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கு."

"நான் பாலம் தாண்டி, ரோடு ரெண்டாப் பிரியுற இடம் வரைக்கும் இதே வழிதான். மாத்தி மாத்தி முன்னால போவோமா? தனித்தனியாப் போனா ரெண்டு பேருமே செத்தோம்."

நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எதிர்காற்றில் ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். இன்னொருவர் அவர் முதுகை ஒட்டிப் பின்னால் போவார். பின்னால் இருப்பவருக்குப் பாதி உழைப்பு மிச்சம், ஆனால் ரோடு தெரியாது. குழியோ கல்லோ வந்தால் முன்னால் இருப்பவர்தான் கை நீட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கத்த வேண்டும். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் அந்தக் கையை நம்பித்தான் பின்னால் இருப்பவரின் உயிர்.

மூன்று வருடமாக நான் யாரோடும் சேர்ந்து போனதில்லை. அன்றைக்கும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காற்று சொல்ல விடவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். தனியாக இவ்வளவு தூரம் கிளம்பியது இதுதான் முதல் தடவையாம். "வீட்டுல எல்லாரும் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. உங்களைப் பாத்ததும் கொஞ்சம் ஆறுதலா இருக்கு" என்றாள்.

முதலில் நான் முன்னால் போனேன். குழிக்குக் காட்டினேன், கல்லுக்குக் காட்டினேன், காய்ந்த சருகுக்கும் காட்டினேன். இரண்டு கிலோமீட்டர் முடிந்து நான் ஒதுங்கியபோது அவள் சிரித்துவிட்டாள்.

"சார், எறும்புக்கெல்லாம் கை காட்டுறீங்க. கடைசி வரைக்கும் கை ஹேண்டில்லயே இல்ல."

அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அப்படியே ஆறேழு தடவை மாறினோம். பாலத்தின் ஏற்றம் தொடங்கியபோது அவளுடைய முறை. பாலத்துக்குள் நுழைந்ததும் அவள் இடது கை கீழே போனது. பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் திறந்து, தலையைச் சாய்த்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

"தண்ணியைக் கீழ வை!"

நான் போட்ட கத்தலில் அவள் பாட்டிலையே நழுவவிட்டாள். இரண்டு பேரும் தடுமாறிப் பாலத்துச் சுவரோரம் நின்றோம். அறிமுகமாகி இரண்டு மணி நேரம் ஆகாத ஒரு பெண்ணிடம், "முன்னால போறவங்க குடிக்கலாமா? அறிவிருக்கா? பின்னால வர்றவன் செத்தா யாரு பதில் சொல்றது?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

எந்த வகுப்பில் எந்தப் பையன் எதற்குக் கத்துகிறான் என்று பார்த்துப் பழகிய முகம் அவளுக்கு. கோபப்படாமல் என்னையே பார்த்தாள்.

"யாரு செத்தா சார்?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அதே பாலம்தான். அன்றைக்கு முன்னால் நான், பின்னால் தம்பி. முன்னால் போகிறவர் தண்ணீர் குடிக்கக் கூடாது, பின்னால் வந்த பிறகுதான் குடிக்க வேண்டும் என்று எங்களுக்குள் சட்டம் போட்டதே அவன்தான். எனக்குத் தாகம், ஒரு வாய்தானே என்று எடுத்தேன். மழைநீர் போகிற ஓட்டையின் மேல் இருந்த கம்பி மூடி காணாமல் போயிருந்தது. நான் பார்த்தேன், விலகினேன். கையில் பாட்டில், காட்ட முடியவில்லை. வாயில் தண்ணீர், கத்த முடியவில்லை. அவன் முன்சக்கரம் ஓட்டைக்குள் இறங்கியது, தலை சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார் என்று கேட்டபோது, "பராக்குப் பாத்திருப்பான்" என்று சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அது அப்படியே ஊன்றிவிட்டது. அவனுடைய ஒன்பது வயதுப் பெண் எதைக் கொட்டினாலும், எதில் இடித்துக்கொண்டாலும், "அப்படியே அப்பன் புத்தி, பராக்கு" என்று என் காதுபடவே திட்டு விழுகிறது. சைக்கிள் கேட்டு அழுதவளுக்கு, பராக்குப் பார்க்கிறவளுக்கு சைக்கிள் எதற்கு என்று மறுத்தாயிற்று.

டீச்சர் ஓட்டை இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். "அவங்க வீட்டுல இது தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதற்கு ஏங்கினேன். வேண்டுமென்றா செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவள் சொல்லவில்லை.

"தப்பாப் போட்ட கணக்கை அடுத்தவன் நோட்டுல திருத்தி என்ன சார் பிரயோஜனம்? போட்ட நோட்டுலதான் திருத்தணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாங்க. மிச்ச தூரம் முழுக்க நீங்களே முன்னால போங்க. எறும்புக்கும் காட்டுங்க, பரவால்ல" என்றாள்.

ரோடு பிரிகிற இடத்தில் அவள் கை தூக்கிக் காட்டிவிட்டு இடது பக்கம் போனாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது மாடி. மாடிப்படிக் கம்பியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினேன். தம்பி மனைவி சட்டைக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. பாப்பா எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். என் உரிந்த காதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் டம்ளர் சாய்ந்து பாதி தரையில் போனது.

"பாத்து வாடி! அப்படியே உங்கப்பன் பராக்கு."

பாப்பாவின் முகம் மாறவே இல்லை. பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டம்ளரை வாங்கித் தரையில் வைத்தேன்.

"முதல்ல குடிங்க அத்தான். தொண்டை காஞ்சிருக்கும்."

"வேண்டாம்மா. குடிச்சா மறுபடியும் முழுங்கிடுவேன். நீ உட்காரு."

உட்கார்ந்தாள். பாலத்தில் சொன்னதையே சொன்னேன், ஒன்றையும் விடாமல். சொல்லி முடித்துப் பாப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"உங்கப்பா பராக்குப் பாக்கலம்மா. என் முதுகையேதான் பாத்துக்கிட்டு வந்தான்."

தம்பி மனைவி என்னைப் பார்க்காமலே பேசினாள். "தினமும் போட்டோவைத் தொடைக்கும்போது திட்டுவேன். ரோட்டைப் பாத்து வந்தா என்ன உனக்கு, எங்களை நினைச்சியான்னு. தினமும் திட்டியிருக்கேன் அத்தான்." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாப்பா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்போ அப்பா நல்லா ஓட்டுவாரா பெரியப்பா?"

"என்னைவிட நல்லா ஓட்டுவான்."

கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. அவன் இறந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கோபப்படுவதற்கு ஒரு பொய்யைக் கொடுத்து, மூன்று வருடமாக அவளை அழ விடாமல் வைத்திருந்தவன் நான்தான்.

அவள் வெளியே வரும்வரை அந்தத் தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.