கீழ்த்தளத்தில் பேசிய நோட்டுகள்

டேனிஷ் நகரமான பிரெடெரிசியாவிலுள்ள மத்திய வங்கியில், வெட்டி அழிப்பதற்கு வந்த பழைய பணநோட்டுகள் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பேசத் தொடங்கின. வெட்டும் இயந்திரத்தின் பற்களில் விளிம்பு பட்டதும் ஒவ்வொரு நோட்டும், கடையில் அதைக் கடைசியாக நீட்டியவரின் குரலில், அப்போது அவர் சொன்னதைச் சொல்லிவிட்டுத் துண்டானது. முதல் வாரமே கீழ்த்தளத்தில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். மேல்மாடியில் வட்டிவீதத்தைத் தீர்மானிக்கும் ஒன்பது பேர் கொண்ட சபையோ இதைத் தொல்லையாகப் பார்க்கவில்லை. விலைவாசியைப் பிடித்து வைப்பதுதான் வங்கியின் முதற்கடமை. விலையைப் பற்றிச் சனங்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பதை இதைவிட நேராக எப்படி அறிவது? நோட்டுகள் சொல்வதைப் பதிய நடுமாடிப் புள்ளிவிவரப் பகுதி படிவம் அச்சடித்தது. தமிழில் பேசிய நோட்டுகளைக் கேட்டு எழுதும் வேலை யசிந்தாவிடம் வந்தது.

யசிந்தா மன்னாரில் பிறந்தவள். பதினொரு வருடமாக அந்த இயந்திரத்துக்கு நோட்டு ஊட்டுபவள். "உந்த மீனுக்கு இவ்வளவோ?" என்று கேட்ட நோட்டுகளையெல்லாம் டேனிஷில் எழுதி மேலே அனுப்பினாள். அதையும் பார்த்துச் சபை இரண்டு தடவை வட்டியைக் கூட்டியது. கடன் கட்ட முடியாமல் ஹ்விடோவ்ரே நகரில் இரண்டு தமிழ்க் கடைகள் மூடப்பட்டன.

போன பெப்ரவரியில் ஓல்போர்க் நகரிலிருந்து வந்த நோட்டுக்கட்டில் ஓர் ஐம்பது குரோனர் நோட்டு, "அம்மாவோ? அவ செத்து எட்டு வருசம், அண்ணை," என்றது.

அது நிறோஷினியின் குரல். யசிந்தாவின் ஒரே மகள். விவாகரத்தான ஒரு டேனிஷ்காரனைத் திருச்சபை ஏற்காத கல்யாணம் முடித்த அவள் அனுப்பிய கடிதத்தை எட்டு வருடங்களுக்கு முன் யசிந்தா திறக்காமலே திருப்பி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் அம்மாவின் சுகம் விசாரித்திருக்க வேண்டும். குரலில் அழுகை இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவளின் அவசரம் மட்டும் இருந்தது.

யசிந்தா இயந்திரத்துக்குள் கையை விட்டு நோட்டை இழுத்தாள். பாதி நோட்டுத்தான் வந்தது. மேற்பார்வையாளர் உல்லா ஓடிவந்தாள்.

"விலையைப் பற்றி ஏதாவது சொன்னதா?"

"இல்லை. எந்தக் கடை நோட்டு இது?"

"அது வங்கி ரகசியம், உனக்குத் தெரியுமே. விலை இல்லையென்றால் எழுத வேண்டாம். மிச்சத்தையும் போடு."

யசிந்தா போட்டாள். மிச்சப் பாதியில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

அந்த ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன், அவள் குருவானவரிடம் போனாள்.

"ஃபாதர், ஒரு ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணும்."

"ஆருக்கு?"

"யசிந்தாவுக்கு. செத்து எட்டு வருசம்."

"நீங்கள் உயிரோடைதானே நிக்கிறியள்?"

"பிள்ளை சொல்லிப்போட்டுது, ஃபாதர்."

குருவானவர் பெயரை எழுதிக்கொண்டார். மரித்தவர்களின் பெயர்களோடு அவள் பெயரும் வாசிக்கப்பட்டது. முன்வரிசை வாங்கிலிருந்த யசிந்தா எல்லாரோடும் சேர்ந்து "ஆமென்" சொன்னாள். பூசை முடிய, பக்கத்திலிருந்த மரியம்மா, செத்தது வேறொரு யசிந்தா என்று நினைத்து அவள் கையைப் பிடித்து, "கர்த்தர் அவவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் குடுக்கட்டும்," என்றாள். யசிந்தா நன்றி சொன்னாள். திங்கட்கிழமை வேலை ஆறு மணிக்கு என்பதால் கோப்பிக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனாள்.