பிரிக்காத பொட்டலம்

ராமசுப்பிரமணியன் எம்.ஏ. நுழைவுப் பரீட்சையில் தோற்றதற்கு அவனைத் தவிர உலகமே காரணம். பரீட்சை மண்டபத்தில் மின்விசிறி கடகடத்தது. சென்னை ஓட்டல் சாம்பார் வயிற்றைக் கெடுத்தது. மேற்பார்வைக்கு வந்தவர் ஓயாமல் இருமினார். ஒரு வருஷமாக இதையே கேட்டு அவன் மனைவி சாலாவுக்குக் காது புளித்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியாதா? வீட்டிலும் அந்த லட்சணத்தில்தான் படித்தான்.

சாலாவும் பி.ஏ.தான். திருச்சியில் படித்து, அவனைவிட நல்ல மார்க்கில் தேறியவள். திருமயத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்த இந்தப் பெரிய வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது, கூடவே வந்த பித்தளை அண்டாக்களோடு அந்தப் பட்டத்தையும் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவனுக்காகப் பொருளாதாரக் குறிப்புகளை நோட்டு நோட்டாக எழுதியவள் அவள். அந்த நோட்டுகளைத் தலைக்கு வைத்துத் தூங்கியவன் அவன். அவன் தேறினால் சென்னையில் தனிக்குடித்தனம், அவளும் பக்கத்தில் இருந்து படிக்கலாம். தேறாவிட்டால் அவனுக்குப் புதுக்கோட்டையில் அப்பச்சி அடைக்கப்பனின் ஜவுளிக்கடை, அவளுக்கு இந்த வீட்டு அடுப்படி, ஆயுசுக்கும்.

1962 வைகாசியில் மறுபடியும் விண்ணப்பத் தாள் தபாலில் வந்தது. திங்கட்கிழமை எழுதத்தான் போகிறேன் என்றான். செவ்வாய்க்கிழமை தலைவலி. புதன்கிழமை, இந்தப் பரீட்சை முறையே வெள்ளைக்காரன் விட்டுப்போன குப்பை என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தான். வியாழக்கிழமை சாப்பாட்டில் கை வைத்தபடி, "அம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றான். தர்க்க சாஸ்திரத்தில் முதல் வகுப்பு வாங்கியவன் பேச்சு இது. சாலா ரசம் ஊற்றினாள்.

ஊர் வழக்கப்படி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் செவ்வரளி, மற்றதில் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் எழுதலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். எடுத்ததை மட்டும்தான் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிப்பது அம்மனையே சந்தேகப்படுவது, அதனால் அதை அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிடுவார்கள்.

"நானே கட்டிர்றேன்" என்று அவன் சொன்னபோதே சாலாவுக்குச் சுருக்கென்றது. தன் வேட்டியைக்கூட மடித்து வைக்காத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன இத்தனை சுறுசுறுப்பு?

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் அவன் தாயார் சொர்ணவல்லி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. ராமசுப்பிரமணியன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அம்மனே சொல்லிட்டா. நாம பேச என்ன இருக்கு" என்றார் அவன் தகப்பனார் அடைக்கப்பன். ஊரெல்லாம் மகனை எம்.ஏ. என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தவர். குரல் சுரத்தில்லாமல் வந்தது.

மிச்சப் பொட்டலத்தை மரத்தடியில் போடும் வேலை மருமகளுக்கு வந்தது. சாலா மரத்துக்குப் பின்னால் போய் நின்று அதைப் பிரித்தாள்.

அதிலும் நந்தியாவட்டைதான்.

செவ்வரளியை அவன் கட்டவே இல்லை. பயந்தவனைக்கூட மன்னிக்கலாம். பயத்துக்குச் சாமியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறவனை என்ன செய்வது? எல்லார் முன்னாலும் காட்டிவிட நினைத்தாள். காட்டினால் அவனைப் பிடித்துப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். போய் இன்னொரு முறை ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவான். பொட்டலத்தைப் பழையபடி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தகப்பனும் மகனும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பூர்த்தி செய்த விண்ணப்பத்தைப் புருஷன் முன்னால் வைத்தாள். பெயர் எழுதும் இடத்தில் சாலாவின் முழுப்பெயர், விசாலாட்சி, பி.ஏ. என்றிருந்தது. மணமான பெண்ணுக்குக் கணவன் கையெழுத்து வேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தார்கள்.

"அம்மன் வேண்டாம்னு சொன்னப்புறம் என்னத்தா தாளு?" என்றார் அடைக்கப்பன்.

"வேண்டாம்னது அவுகளைத்தானே மாமா. என்னையப் பத்தி யாரும் கேக்கலையே."

"பொம்பளை போயி எழுதுறதா?" என்றான் ராமசுப்பிரமணியன். "அதெல்லாம் அம்மனைக் கேக்காம ஆகாது."

"கேப்போம்" என்றாள் சாலா. முந்தானை முடிச்சை அவிழ்த்து இலைப் பொட்டலத்தை எடுத்து அவன் வெற்றிலைத் தட்டு ஓரத்தில் வைத்தாள். "நாளைக்கே பூக்கட்டுவோம். இந்தத் தடவை அத்தை கட்டட்டும். ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாப்போம். என்ன சொல்றீங்க?"

அவன் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. அடைக்கப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னப்பா, ஒனக்குச் சம்மதந்தானா? நம்ம வீட்ல ஒரு எம்.ஏ. இருந்தாச் சரி" என்றார்.

ராமசுப்பிரமணியன் பேனாவைத் திறந்தான். மூன்று மணி நேரம் கொடுத்தும் ஓடாத பேனா அது. அன்றைக்கு ஒரே இழுப்பில் ஓடியது.