சட்டைப்பையில் போன எட்டு ஜிபி

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் நாற்பதைத் தாண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் முந்தப் பார்த்தால் கைகாட்டி வழி வேறு விடுவார். அப்படிப்பட்ட மனுஷர் எனக்குத் தெரியாமல் வேகம் வாங்கிக்கொண்டு வந்ததுதான் அன்றைய கூத்து.

சமையலறை வடிவமைப்பது என் தொழில். அலமாரி, மேடை, சிங்க் எல்லாம் எங்கே வரும் என்று லேப்டாப்பில் வரைந்து, வீட்டுக்காரர் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி காட்ட வேண்டும். பழைய முதலாளி எல்லோர் முன்னாலும், "நீங்க ரொம்ப ஸ்லோம்மா, இந்தத் தொழிலுக்குச் சரிப்பட்டு வர மாட்டீங்க" என்று சொன்ன அன்றைக்கே வேலையை விட்டேன். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். அப்புறம் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை, ஒரு பல் டாக்டர் வீட்டுச் சமையலறை. அன்று நாலு மணிக்கு டாக்டரம்மா நான் வரைந்த படத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடிக்கவில்லை என்று அவர் எழுந்து போய்விட்டால், பழைய முதலாளியிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

லேப்டாப் திணறுகிறது, இன்னொரு எட்டு ஜிபி மெமரி போட்டால் தேவலை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். காலையில் நான் அளவெடுக்கப் போன நேரத்தில் இவர் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மதியம் நான் வந்ததும், "மெமரி போட்டாச்சு, பறக்கும் பாரு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வாயெல்லாம் பல். படத்தைத் திறந்தேன். மேடை வரைக்கும் வந்தது, அலமாரி வரவில்லை. திரை அப்படியே நின்றுவிட்டது. மெமரி எவ்வளவு என்று பார்த்தால் அதே எட்டு. போன் போட்டேன்.

"என்னங்க, புதுசு போட்டதா சொன்னீங்க. எட்டுதான் காட்டுது."

"எட்டுதானே வாங்கினேன்."

"அப்ப பழைய எட்டு எங்க?"

"அதைக் கழட்டிட்டேன். புதுசு ரொம்ப வேகமாம். பழசும் கூட இருந்தா அதோட வேகத்துக்கு இதுவும் இறங்கிடும்னு கடைக்காரர் சொன்னார். எதுக்கு வம்புன்னு எடுத்துடச் சொல்லிட்டேன்."

கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் என் லேப்டாப்பே பழசு. எவ்வளவு வேகமான மெமரியைப் போட்டாலும் தன் வரம்புக்கு மேல் அதை ஓட விடாது. ஓட விட்டாலும் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் வரப்போவதில்லை. எனக்கு வேண்டியது இடம், அவ்வளவு பெரிய சமையலறையை விரித்து வைக்க இடம். இதையெல்லாம் போனில் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

"பழசு எங்கன்னு கேட்டேன்."

"சட்டைப்பையிலதான் இருக்கு."

"உடனே கொண்டு வாங்க. மணி மூணாச்சு."

"மேடம் ஓட்டிட்டிருக்காங்களே."

மேடம் என்பது அவரிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பேங்க் மேனேஜர். பாதி வகுப்பில் அவரை எழுப்பிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க இவருக்கு மனசு வராது.

பால்கனியில் போய் நின்றேன். தெருமுனையில் முதலில் ஹாரன் சத்தம்தான் கேட்டது. பிறகு எல் போர்டு மாட்டிய கார் தெரிந்தது. அதன் பின்னால் ஊரே வரிசை கட்டி வந்தது. எங்கள் வாசலுக்கு வருவதற்குள் இஞ்சின் இரண்டு தடவை நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். மேடம் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, இவர் "ரொம்ப நல்லா வந்தீங்க" என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மெமரியை நீட்டினார். திட்ட வாயெடுத்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. விட்டுவிட்டேன்.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, பழசைப் புதுசுக்குப் பக்கத்தில் செருகினேன். பதினாறு காட்டியது. படம் முழுசாக வந்தது, அலமாரி, ஜன்னல் வெளிச்சம் எல்லாமே. நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து தன் சமையலறைக்குள் நடந்து பார்த்தார். சிங்க்கை ஜன்னல் பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டார். அங்கேயே மாற்றிக் காட்டினேன்.

"எப்ப வேலையை ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் தயங்கியபடி, "அப்ப அந்தப் புதுசு?" என்றார்.

"பழசோட வேகத்துலதான் ஓடுது."

அவர் முகம் வாடிவிட்டது. "தண்டமா வாங்கிட்டேனா?"

"அது இல்லேன்னா படமே திறந்திருக்காது. ஆனா சாதாரணமானதே போதுமேங்க. போயும் போயும் நீங்க எதுக்கு வேகத்துக்கு ஆசைப்பட்டீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அந்த ஆளு உன்னை ஸ்லோன்னு சொன்னான்ல. அதான் கடையில இருக்கறதுலயே வேகமானதைக் குடுங்கன்னு கேட்டேன்."

எனக்கு இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கார் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றேன். "மெதுவாவே ஓட்டுங்க."