போடாமல் விட்ட ஊசி

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது சாந்தினிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. என்ற கிருமி. புற்றுநோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் வழியில் இருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

"நெறய பேருக்கு வரும், தானாப் போயிரும்மா. நீ லூபஸுக்குச் சாப்புடுற மாத்திரை எதிர்ப்புச் சக்திய அமுக்கி வச்சிருக்கு. அதான் போகல. ஸ்கூல்ல இதுக்குத் தடுப்பூசி போடலியா?"

போடவில்லை. பதின்மூன்று வயதில், படிவம் ஒன்று வகுப்பில், மற்றப் பெண்கள் வரிசையில் நின்றபோது அவள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்போதே அவளுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சீக்குப் பிள்ளைக்கு ஊசி ஆகாது என்று அம்மா மங்களம் அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. எந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

"உன்ன மாதிரி ஆளுக்குத்தான் அது முக்கியமா வேணும்," என்றார் டாக்டரம்மா.

வீட்டில் கணவன் தர்மேந்திரனிடம் சொன்னாள். அது எப்படி வருகிறது என்றுதான் அவன் முதலில் கேட்டான். ஆணும் பெண்ணும் சேர்வதால் தொற்றுவது என்று சொன்னாள்.

"யாருகிட்ட வாங்கிட்டு வந்த?"

ஏழு வருஷக் குடித்தனம். அவனைத் தவிர அவள் வேறொருவனை அறிந்ததில்லை. லூமுட் பட்டணத்தில் வேலை பார்த்த காலத்தில் பெண்களோடு அடித்த கூத்தை அவன் கூட்டாளிகளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னதை மட்டும் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"உங்ககிட்டதான்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லயேலா."

"ஆம்பளைக்கு வெளிய தெரியாதாம். வாங்க, டாக்டரே சொல்லுவாங்க."

அறுவைச் சிகிச்சையன்று கார் நிறுத்துமிடம் வரை வந்தான், இறங்கவில்லை. அவள் வலியோடு வெளியே வந்தபோது கார் இல்லை. தெலுக் இந்தானில் தன் அம்மா வீட்டுக்குப் போவதாகக் கைப்பேசியில் ஒரு வரி கிடந்தது.

அதன் பிறகு அவன் வரவேயில்லை.

மங்களம்தான் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது வீடு. கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "நல்லதுக்குத்தான்டி அன்னைக்கு ஊசி வேணான்னேன்," என்றாள். சாந்தினி கஞ்சியை வாங்கிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு கலாதேவி என்னன்னு கேக்குது. லூபஸுன்னு சொல்லிட்டேன்."

கல்யாணப் பேச்சின்போது அந்த லூபஸைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மூடி வைத்தாள் மங்களம். மாத்திரைகளைக்கூட ஹார்லிக்ஸ் டின்னில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். இப்போது அதுதான் வெளியே சொல்லக்கூடிய நோய்.

"கலாக்காவுக்கு ரெண்டு பொண்ணு இருக்குதேம்மா," என்றாள் சாந்தினி. "உள்ளதச் சொன்னா அதுங்களுக்காவது ஊசி போடுவாங்க."

"மானம் போயிரும்," என்று மங்களம் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.