முடிச்சுப் போட்ட கத்தரி

பங்குனி வெயிலில் கத்தரிச் செடிகள் ஓய்ந்துவிடும். 1997இல் பரிமளாவின் பாத்தியும் ஓய்ந்தது. நாலடி தள்ளி, அதே கிணற்றுத் தண்ணீர் குடித்த ஓரகத்தி லீலாவின் பாத்தியில் மட்டும் கடைசிக் காய்களும் திரண்டு தொங்கின.

வருஷா வருஷம் இப்படித்தான். பரிமளாவின் கணவன் சரவணன், தறியை விட்டு எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணி லீலா போட்ட கத்தரி வற்றல் இருக்கிறதா என்றுதான் கேட்பான். தன் வற்றலை அவன் ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்பது பரிமளாவின் ஏழு வருஷ ஆசை.

தாய்வீட்டு விசேஷத்துக்குக் கலசப்பாக்கம் போன லீலா, தன் செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் பரிமளாவிடம் விட்டுப் போனாள். போய்ப் பார்த்தால், ஆறு காய்களின் காம்பில் சிவப்புப் பட்டு நூல் முடிந்திருந்தது. இருப்பதிலேயே நல்ல ஆறு. தன் கண்ணில் படட்டும் என்றே கட்டியிருக்கிறாள் என்று பரிமளாவுக்குப் பட்டது.

பரிமளா தறி வீட்டில் பிறந்தவள். அவர்கள் தறியில், நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு சேலை முடியும் இடத்தில் சிவப்பு முடிச்சு இருக்கும். அங்கே அறுக்க வேண்டும். விவசாய வீட்டுப் பெண்ணான லீலாவின் முடிச்சுக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்றும் தோன்றியது. அந்த நினைப்பை அவள் நிற்க விடவில்லை. அறுத்தாள். அரிந்து, உப்புப் போட்டு அரைவேக்காட்டில் இறக்கி, நாலு நாள் மாடியில் காயவைத்தாள்.

லீலா திரும்பி வந்து செடியைப் பார்த்தாள்.

"வெதைக்கு வுட்டிருந்தேன் பரிமளா. பழுக்கட்டும்னுதான் நூல் கட்டனேன்."

"முடிச்சு போட்டா அறுக்கறதுதானக்கா. எனக்கு இன்னா தெரியும்?"

லீலாவின் கணவன் ஜெகநாதன் சிரித்துவிட்டான். தறி வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகியும் லீலாவுக்கு முடிச்சு தெரியவில்லை என்றான். லீலாவும் சிரித்தாள். அம்மாவிடம் விதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால் பரிமளாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்த வற்றலைப் பொரித்துச் சரவணன் தட்டில் வைத்தாள். இரண்டைத் தின்றுவிட்டு மறுபடி கை நீட்டினான்.

"அண்ணி வத்தலா?"

"நான் போட்டது. அரிஞ்சது, வேகவெச்சது, வெயில்ல காக்கா ஓட்டிகினு நின்னது எல்லாம் நான்."

"காயி யாருது?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

"அதான பாத்தேன்," என்று சோற்றைப் பிசைந்தான்.

பரிமளா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.