டிஸ்கில் ஒரு திட்டு

புது பிரேக் பேட் மாட்டி எழுபத்தோரு மணி நேரத்தில் மாமனார் காரை மருமகனின் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. காரணம் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வேலைதான் சொதப்பிடுச்சோன்னு பயந்துட்டேன், மாமா," என்றபடி மருமகன் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்கில் பேடின் அளவுக்கே ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

"வேகமா வந்து சடார்னு நிறுத்தி, மிதிச்ச காலை எடுக்காமலே நின்னிருக்கீங்க. சூட்டுல பேட் அப்பிக்கிச்சு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் செய்யற வேலையா இது? யாரைப் பார்த்து அப்படி மலைச்சு நின்னீங்க? அத்தைகிட்ட சொல்லிடவா?"

மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை.

மருமகன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். "அஞ்சு நிமிஷத்துல போயிடும். நாளையிலேருந்து பாப்பாவை நீங்களே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார்.

"வேண்டாம், மாப்பிள்ளை. அன்னைக்கு நம்ம தெரு முனையிலதான் நிறுத்தினேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்குத் தெரியல."