டவருக்கு எதிரே ஒரு நேர்காணல்

எனக்குக் காது கேட்காது. அதை யாராவது குறையாகச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சிம்பாங் அம்பாட்டில் ஃபைவ்ஜி ஆன்டெனா செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். லைன் லீடர் வேலை காலியானதும் முதல் ஆளாக மனுப் போட்டேன். "பிரமிளாவா? அது எப்படி?" என்று சிலருடைய உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். விடுவேனா?

நேர்காணல் வீடியோ அழைப்பில். கோலாலம்பூரிலிருந்து மேலாளர் இக்மல் கேட்பதை, திரையில் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஜெயந்தி எனக்குச் சைகை மொழியில் சொல்வார். நான் சைகையில் சொல்வதை அவருக்குக் குரலில் சொல்வார்.

முதல் கேள்வியிலேயே ஜெயந்தியின் கை அந்தரத்தில் உறைந்து நின்றது. மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். எனக்குப் படம்தான் குரல். வீட்டுக்குள் ஃபைவ்ஜி போய் ஃபோர்ஜி வந்திருந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

என் கணவர் குணாளன் என் முகத்துக்கு நேரே வந்து வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "காடியில போவோம்லா. டவருக்கு எதிர்க்கயே நிறுத்துறேன். ஏர்கோனும் இருக்கு."

காரை அப்படியே நிறுத்தினார். டவர் கண்ணெதிரே நிற்கிறது, படமோ முன்னைவிட மோசம். அப்போதுதான் பொறி தட்டியது. குணாளன் ஆசை ஆசையாகக் கார்க் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள்! அது உலோகப் பூச்சு கொண்டது.

தினமும் நான் சோதிக்கும் பலகையில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இம்மி நேரம் முன்பின்னாக அலையை அனுப்பும். எல்லாம் ஒன்றுகூடி, போன் இருக்கும் பக்கம் மட்டும் வலுவாகப் போகும். போன் நகர்ந்தால் அதுவும் கூடவே திரும்பும். வேகமாக அதிரும் அலை நிறையத் தகவல் சுமக்கும். ஆனால் சுவருக்குள் நுழைந்தால் களைத்துவிடும், உலோகத்தில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். இதெல்லாம் தெரிந்த நானே ஏர்கோன் குளிருக்கு ஆசைப்பட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

கண்ணாடியை இறக்கினேன். படம் லேசாக அசைந்தது. போதாது. கதவைத் திறந்து இறங்கினேன்.

"வெயிலு மண்டைய பொளக்குது, பிரமி! ரோட்டுல எல்லாம் பாக்குறாங்க!"

'பாக்கட்டும். நீங்க போனைப் பிடிங்க' என்று சைகை காட்டினேன். பேசுவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

நாசி கண்டார் சோற்றுக்கடை வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. நான் ஜெயந்தியின் விரல்களை மட்டும் பார்த்தேன். இப்போது ஓர் அசைவுகூடத் தடைபடவில்லை. இக்மல் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார்: "லைனில் அலாரம் அடித்தால் உங்களுக்குக் கேட்காதே. எப்படி நம்பி ஒப்படைப்பது?"

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

'சார், அந்த இரைச்சலில் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்திருக்கிறார்கள். வைக்கச் சொன்னதே நீங்கள்தான். அலாரம் யாருக்கும் சரியாகக் கேட்காது. அலாரத்தோடு எரியும் சிவப்பு விளக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். முதலில் பார்ப்பது நான்.'

இக்மல் சிரித்துவிட்டார். ஜெயந்தியின் கைகள் எழுந்தன: 'திங்கட்கிழமையிலிருந்து அந்த லைன் உங்களுடையது.'

திரையைப் பார்க்க முடியாத குணாளன், "என்னாச்சு? என்னாச்சு?" என்று வாயசைத்தார். போன் ஆடியது.

'வேலை கிடைச்சிருச்சு. ஆடாம பிடிங்க, இன்னும் சம்பளம் பேசல' என்று அவருக்குச் சைகை காட்டினேன்.

ஜெயந்தி அதையும் ஒரு சொல் விடாமல் இக்மலிடம் சொல்லிவிட்டார். சொல்லட்டும்.